ஸ்டீயரிங் ரேக் ஒழுகினால்: சீல் கிட்டா, பழைய ரேக்கா, புதிதா?

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரங்களைத் திருப்பிவிடுவது வண்டிக்கு அடியில் குறுக்கே இருக்கும் ரேக். பவர் ஸ்டீயரிங் வண்டியில் அந்த ரேக்கிலிருந்து ஆயில் ஒழுக ஆரம்பித்தால் நம் ஊர்ப் பட்டறைகளில் மூன்று வழி சொல்வார்கள். ரேக்கைக் கழற்றி சீல் கிட் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையங்களின் செட்) போடலாம், உடைத்த வண்டியிலிருந்து எடுத்த ரேக்கை வாங்கிப் போடலாம், இல்லையென்றால் புது ரேக். நான் முதல் வழியில் போய், ஆறே மாதத்தில் மூன்றாவது வழிக்கு வந்தவன். அதனால் என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடலூர், புதுச்சேரி மாதிரி கடலோரத்தில் ஓடும் பழைய வண்டிக்குப் பெரும்பாலும் புது ரேக்தான் சரி.

என்னுடையது 2008 சான்ட்ரோ ஜிங். வீடு தேவனாம்பட்டினத்தில், வேலை புதுச்சேரியில். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது தெருவில் தேங்கிய தண்ணீரில் சக்கரத்தின் பாதி வரை வண்டி நனைந்து நின்றது. ரேக்கின் பாசஞ்சர் பக்க முனையை மூடியிருக்கும் ரப்பர் உறையில் ஏற்கெனவே ஒரு வெடிப்பு இருந்தது. பட்டறையில் இந்த உறையை பூட் என்பார்கள். பார்த்தும் விட்டுவைத்திருந்தேன். சில மாதம் கழித்து ஸ்டீயரிங் ஆயில் டப்பாவில் அளவு குறைய ஆரம்பித்தது. அந்த பூட்டைக் கையால் அமுக்கினால் உள்ளே ஆயில் தளும்பியது.

சீல் கிட் போட்டோம். புது ரேக்கின் விலையில் பாதிகூட ஆகவில்லை. ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி ஆனது, எனக்கும் ஏக சந்தோஷம். ஆறு மாதத்தில் அதே பக்கம், அதே ஒழுகல்.

இரண்டாவது தடவை வேறு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் ரேக்கைக் கழற்றி, உள்ளே இருக்கும் ராடைத் துணியால் துடைத்து என் முன்னால் நீட்டினார். "தம்பி, நகத்தை வச்சு இழுத்துப் பாரு" என்றார். கண்ணாடி மாதிரி பளபளத்த இரும்பில் விரல்நகம் இரண்டு இடத்தில் தட்டி நின்றது. கண்ணுக்கு அவை மிளகைவிடச் சின்னக் கரும்புள்ளிகள்தான்.

மொத்த விஷயமும் அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது. வலப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள நம் வண்டிகளில் ராடின் பல் வெட்டிய பகுதி டிரைவர் பக்கம் இருக்கும். வழவழப்பான பகுதி பாசஞ்சர் பக்கம். ஆயிலை அழுத்தத்தோடு பிடித்து வைக்கும் கடைசி சீல் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் ராட் அந்த சீலுக்குள் போய் வரும். பூட் கிழிந்தால் மழைத்தண்ணீர், மணல், உப்புக்காற்று எல்லாம் நேரே ராடில் படியும். துரு அரித்து உண்டாகும் பள்ளத்தின் விளிம்பு ஒவ்வொரு திருப்பத்திலும் சீலின் உதட்டைச் சீவிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நல்ல கம்பெனி சீல் போட்டாலும் இதே கதைதான். பாலிஷ் போட்டால் துருவின் நிறம் போகும், பள்ளம் போகாது. பள்ளம் மறையும் வரை கடைந்தால் ராட் மெலிந்து சீல் தளர்ந்துவிடும்.

செலவையும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். சீல் கிட் மலிவுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் ரேக்கை இறக்கி ஏற்றும் கூலி, புது ஆயில், வீல் அலைன்மென்ட், வண்டி இல்லாத இரண்டு நாள் எல்லாம் அப்படியே திரும்ப வரும். எனக்கு இரண்டு தடவையும் இறக்கியது ஒரே ரேக்கைத்தான். விற்கும்போது புது ரேக்குக்காக யாரும் ஒரு ரூபாய் கூட்டித் தரமாட்டார்கள், அதுவும் உண்மை. நான் விற்கப் போவதில்லை. ஆர்சியை 2023-ல் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறேன், 2028 வரை ஓட்டியாக வேண்டும்.

பழைய ரேக் பற்றி எனக்கு அதிக அனுபவம் இல்லை. பழைய வண்டி பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வந்த ஒன்றை மட்டும் பார்த்தேன். வெளியே சுத்தமாக இருந்தது, ஆனால் பூட்டைக் கழற்றிக் காட்ட விற்றவருக்கு மனமில்லை. ராடை நகத்தால் பார்க்க விடாத ரேக் எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உள்நாட்டில் ஓடிய வண்டியின் ரேக் நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு. பார்த்து வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம்.

சீல் கிட்டை ஒரேயடியாக ஒதுக்கவும் மாட்டேன். பூட் கிழியாமல், ராட் வழவழப்பாக இருந்து, வயதால் சீல் மட்டும் இறுகிப்போயிருந்தால் அதுவே போதும். எதுவானாலும் முதலில் ஆயில் போய் வரும் ஹோஸைப் பாருங்கள். மேலே ஹோஸ் கசிந்து ரேக் மேல் வழிந்தாலும் பழி ரேக் மேல்தான் விழும்.

புது ரேக் போடுவதாக இருந்தால் பக்கத்தில் நின்று சில விஷயங்களைக் கவனியுங்கள். கழற்றும் முன் சக்கரத்தை நேராக வைத்து ஸ்டீயரிங்கைக் கட்டிவிட வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியில் அது தன்பாட்டுக்குச் சுற்றினால் உள்ளே இருக்கும் சுருள் வயர் அறுந்துவிடும். ஸ்டீயரிங்கிலிருந்து இறங்கி வரும் தண்டு ரேக்கோடு சேரும் ஜாயின்டில் பெயின்டால் அடையாளம் போடச் சொல்லுங்கள். ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி வைத்தால், அலைன்மென்ட் கடை வரையாவது வண்டி நேராகப் போகும். புது ரேக்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றி எண்ணி, அதில் பாதியில் நிறுத்தி மாட்ட வேண்டும். ஆயில் பைப் போல்ட்டில் செம்பு வாஷர் இருந்தால் பழையதை மறுபடி போட விடாதீர்கள். கடைசியில் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமலே மெதுவாக இருபக்கமும் பலமுறை திருப்பிக் காற்றை எடுக்க வேண்டும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணித் திருப்பும்போது கோடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது, பம்ப் கெட்டுவிடும்.

புது ரேக் போட்டு எட்டு மாதம் ஆகிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டார்ச் எடுத்துக் குனிந்து பாசஞ்சர் பக்க பூட்டையும் அதன் கிளிப்பையும் பார்க்கிறேன், கையால் அமுக்கியும் பார்க்கிறேன். போன வாரம்கூட உள்ளே காற்றுதான் இருந்தது.