பத்திரிகையில் டாக்டரா, முனைவரா?

காலாப்பட்டில் பல்கலைக்கழகம், கோரிமேட்டில் ஜிப்மர். புதுச்சேரியில் இரண்டு வகை டாக்டர்களுக்கும் பஞ்சமில்லை. அதனால் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும்போது இந்தக் கேள்வியும் கூடவே வரும். வைத்தியம் பார்ப்பவருக்கு டாக்டர்தான், அதில் பேச்சே இல்லை. பி.எச்டி. வாங்கியவருக்கு எது என்பதுதான் சிக்கல். என் ஓட்டு முனைவருக்கு.

டாக்டர் என்று போட்டால் தப்பில்லை. லத்தீனில் அந்தச் சொல்லுக்குக் கற்பிப்பவர் என்றே பொருள். அரசியலமைப்பின் 18ஆவது பிரிவும் பட்டங்களை ஒழித்தபோது கல்விப் பட்டங்களை விட்டுவைத்தது. ஆனால் வாசல் பலகையில் டாக்டர் என்று இருந்தால், நடுராத்திரியில் தெருவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வரும்போது அந்தக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள். "நான் அந்த டாக்டர் இல்லைங்க" என்று விளக்குகிற நேரத்தில் 108க்குப் போன் போட்டிருக்கலாம். மண்டபத்தில் யாராவது மயங்கி விழுந்தாலும் இதே கதைதான். பத்திரிகையில் பெயரைப் பார்த்தவர்கள் அவரைத்தான் தேடுவார்கள். ரயில் முன்பதிவுப் படிவத்தில் டாக்டரா என்று கேட்கும் கட்டமும் அவசரத்துக்கு உதவக்கூடிய மருத்துவருக்காக வைத்தது. வரலாற்றில் பி.எச்டி. வாங்கியவர் அதில் டிக் போடக் கூடாது. முனைவர் என்று எழுதினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

முனைவரிலும் ஒரு குறை உண்டு: கூப்பிட வராது. 'டாக்டரம்மா' என்பதுபோல 'முனைவரம்மா' என்று யாரும் அழைப்பதில்லை. மேடையில் முனைவர், நேரில் ஐயா, அம்மா, மேடம் என்று வைத்துக்கொள்ளலாம். பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் டாக்டர் திரும்பி வந்துவிடும். அங்கே முன்னொட்டை விட்டுவிட்டுப் பெயருக்குப் பின்னால் பி.எச்டி. மட்டும் போடுவது நல்லது. கருத்தரங்கு அழைப்பிதழ் என்றால் வேறு. அங்கே டாக்டரே ஓடும், குழப்பமும் வராது.

அச்சகத்தில் பிழை திருத்தும்போது: 'திரு. முனைவர்' வேண்டாம், ஒன்று போதும். மணமக்களுக்குத் திருநிறைச்செல்வன், திருநிறைச்செல்வி முன்னால் வரட்டும், பட்டம் அதற்குப் பிறகு. மனைவி மட்டும் பி.எச்டி. என்றால் 'திரு. – திருமதி' என்று சேர்த்து அமுக்காமல், திரு. அவருக்கு, முனைவர் இவருக்கு. கௌரவப் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போடாமல் இருப்பதே மரபு. ஆய்வேடு கொடுத்தாயிற்று, வாய்மொழித் தேர்வு இன்னும் முடியவில்லை என்றால், கல்யாணம் எத்தனை மாதம் தள்ளி இருந்தாலும் பத்திரிகையில் 'முனைவர் பட்ட ஆய்வாளர்'தான்.