விகானா, லாவாக்கா? இலோகோஸில் எங்கே தங்கலாம்

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், வடமேற்குக் கடலோரமாக நீண்டு கிடக்கிறது இலோகோஸ். பழைய கட்டடங்களுக்காக அங்கே போகிறவர்கள் தெற்கே விகானில் தங்குவதா, வடக்கே லாவாக்கில் தங்குவதா என்று குழம்புவதுண்டு. நடுவே சுமார் 80 கிலோமீட்டர்தான். ஒரே நாளில் இரண்டையும் சுற்றி முடிக்கலாம். பார்த்தோம் என்று மட்டும் சொல்லிக்கொள்ள முடியாது.

விகானில் வண்டியே வேண்டாம், நடந்தே பார்க்கலாம். ஸ்பானியத் தளபதி ஹுவான் தே சல்செதோ 1572இல் நிறுவிய ஊர். 1999 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கிரிசோலோகோ தெருவில் கல் பாவிய தரை, கீழே செங்கல்லும் மேலே மரமுமாய் வீடுகள், ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் கபிஸ் சிப்பி. பகலில் நினைவுப்பொருள் கடைகள் கீழ்த்தளத்தை மறைத்துவிடுகின்றன. அதனால் கடை திறக்கும் முன் விடிகாலையில் நடக்க வேண்டும். அங்கேயே தங்கினால்தான் அது நடக்கும்.

பலர் தவறவிடுவது பழைய சிறைச்சாலை. இப்போது தேசிய அருங்காட்சியகத்தின் பகுதி. பின்னாளில் நாட்டின் அதிபரான எல்பிதியோ கிரினோ பிறந்தது இந்தச் சிறையில்தான். அவருடைய அப்பா இங்கே வேலை பார்த்தவர். உள்ளே எஸ்தேபன் வில்யானுவேவா வரைந்த 14 ஓவியங்கள் இருக்கின்றன. பாசி என்ற கரும்பு மதுவை மக்கள் காய்ச்சக் கூடாதென்று ஸ்பானிய அரசு தடுத்ததால் 1807இல் வெடித்த கலகத்தை வரிசையாகச் சொல்கின்றன. எனக்கு அந்தத் தெருவைவிட இந்த அறை பெரிது.

லாவாக் ஊருக்குள் பார்க்க அதிகமில்லை. மண்ணில் புதைந்துகொண்டே போகும் மணிக்கூண்டு ஒன்று, அவ்வளவுதான். அதன் பலம் சுற்றுவட்டாரம்; அதிலும் பவோய் தேவாலயம். 1694இல் தொடங்கி 1710இல் முடித்தார்கள். நிலநடுக்கத்துக்கு ஈடுகொடுக்க, பக்கங்களிலும் பின்புறமுமாக 24 பெரிய முட்டுச்சுவர்கள். மணிக்கூண்டைத் தள்ளி எழுப்பினார்கள், சரிந்தாலும் கோயில்மேல் விழாதபடி. தனியொரு கட்டடம் என்று எடுத்தால் விகானில் இதற்கு இணை கிடையாது.

பக்கத்திலிருக்கும் பதாக், மார்கோஸ் குடும்பத்தின் அரசியல் கோட்டை. 2016 வரை முன்னாள் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸின் உடலை அங்கேதான் வைத்திருந்தார்கள். அருங்காட்சியகமும் உண்டு, ஆனால் அவர் 1972இல் கொண்டுவந்த இராணுவச் சட்டத்தைப் பற்றி வேறெங்காவது படித்துவிட்டுப் போவது நல்லது.

என் தேர்வு விகான். மணிலாவிலிருந்து விமானம் லாவாக்கில் இறங்கும். அங்கிருந்து தெற்கே வரும்போதே பவோயும் பதாக்கும் முடிந்துவிடும். இரவு விகானில் படுக்கலாம். பொஹேதோர் முனைக் கலங்கரை விளக்கம் வடக்கே ஒதுங்கியிருக்கிறது, நாள் மிஞ்சினால் மட்டும். விகானை ஒட்டிய பந்தாய் மணிக்கூண்டு 2022 நிலநடுக்கத்தில் சேதமடைந்தது. ஏறவிடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது பேருந்து என்றால் வழியில் சாந்தா மரியாவில் இறங்குங்கள்: குன்றின்மேல் இருக்கும் அந்தத் தேவாலயமும் பவோயோடு சேர்ந்து 1993இல் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போனது.