மோவாய் முடிக்கு நூலா, சவரக் கத்தியா, லேசரா?

மேலுதட்டில் மெல்லியதாகப் படரும் பூனைமுடியும், மோவாயிலும் தாடைக்கு அடியிலும் கறுத்துத் தடித்து முளைக்கும் முடியும் ஒன்றல்ல. முதலாவது எல்லாப் பெண்களுக்கும் இருப்பது. அதை நீக்குவதும் விடுவதும் அவரவர் விருப்பம். இரண்டாவது, ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்தன்மை ஹார்மோன்கள் மிகுவதாலோ, அவற்றின் அளவு சரியாக இருந்தும் முடிக்கால்கள் (தோலுக்குள் முடி முளைக்கும் குழிகள்) அவற்றுக்குக் கூடுதலாக வசப்படுவதாலோ வருவது. இவ்வாறு முடி வளரும் பெண்களில் பத்துக்கு ஏழு எட்டுப் பேருக்குப் பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையே காரணமாக இருக்கிறது. மாநிறமும் கருநிறமும் கொண்ட நம் பெண்களுக்கு, இந்த இரண்டாவது வகை முடியை நீக்க எந்த வழி பொருந்தும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

பெரும்பாலானோர் முதலில் நாடுவது த்ரெடிங். புருவத்துக்கு அது நல்ல முறைதான். மோவாய்க்கு அதைவிடக் கெடுதலான பழக்கம் வேறில்லை என்பது என் கருத்து. தடித்த முடியை வேரோடு பிடுங்கும் ஒவ்வொரு முறையும் முடிக்கால் புண்ணாகிறது. சில முடிகள் வெளியே வர வழியின்றித் தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளமாகின்றன. ஆறிய இடத்தில், நம் தோலின் இயல்புப்படி, கருமை தங்கிவிடுகிறது. பல பெண்கள் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு நடக்கும் தாடைக் கருமை முடியால் வந்ததன்று, பிடுங்கியதால் வந்தது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை என்பது வருத்தத்துக்குரியது. வேக்ஸிங்கிலும் இதே தொல்லை உண்டு. முகப்பருவுக்காக அடாபலீன், ட்ரெட்டினாயின் போன்ற களிம்புகளைப் பூசுபவர்களுக்கு மெழுகோடு மேல்தோலும் உரிந்து வந்துவிடலாம்.

இவற்றோடு ஒப்பிட்டால், எல்லோரும் அஞ்சி ஒதுக்கும் சவரமே தோலுக்கு மிகக் குறைந்த தீங்கு செய்கிறது. சவரம் செய்தால் முடி தடித்து வளரும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம். 1928-இலேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் இதைச் சோதித்துப் பார்த்து, அவ்வாறு நடப்பதில்லை என்று காட்டிவிட்டார். முடியின் நுனி இயல்பாகக் கூர்ந்திருப்பது. கத்தி அதன் தடித்த பகுதியில் வெட்டுவதால், திரும்ப வளரும்போது கைக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவே. குப்பைமேனிச் சாறும் கஸ்தூரி மஞ்சளும் தடித்த முடியை வேரிலேயே தடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

நீண்ட காலத் தீர்வு வேண்டுபவர்களுக்கு உண்மையான போட்டி லேசருக்கும், ஊசி வழியே மின்சாரம் பாய்ச்சும் எலெக்ட்ரோலிசிஸுக்கும் இடையில்தான். லேசர் ஒளி முடியிலுள்ள மெலனின் நிறமியைத் தேடிச் சூடேற்றி முடிக்காலைச் சிதைக்கிறது. அதே நிறமி நம் தோலிலும் நிறைய இருப்பதால், 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்சாண்டிரைட் லேசர் தோலையும் சுட்டுவிட வாய்ப்பு அதிகம். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் மேல்தோலில் குறைவாகவே உறிஞ்சப்பட்டு ஆழத்துக்கு இறங்குவதால், கருநிறத் தோலுக்கு அதுவே பாதுகாப்பானது. ஆகவே, தள்ளுபடி எவ்வளவு என்று கேட்பதற்கு முன் கருவியின் அலைநீளம் என்ன என்று கேட்க வேண்டும். வளர்பருவத்தில் உள்ள முடிகள் மட்டுமே லேசருக்கு வசப்படும் என்பதால், நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு முறையேனும் செய்ய வேண்டியிருக்கும். வேர் இல்லாத இடத்தில் லேசருக்கு வேலை இல்லை என்பதால், தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே த்ரெடிங்கை நிறுத்திவிட வேண்டும், சவரம் செய்யலாம். இதில் ஒரு விபரீதமும் உண்டு: தெற்காசியப் பெண்களில், குறிப்பாகப் பிசிஓஎஸ் உள்ள சிலருக்கு, லேசர் பட்ட இடத்தைச் சுற்றியிருந்த பூனைமுடி தடித்து வளர்வது மருத்துவர்கள் அறிந்த செய்தி. முன்பணம் வாங்கும்போதே இதைச் சொல்வது மருத்துவமனைகளின் கடமை.

எலெக்ட்ரோலிசிஸ் 1875-இலேயே அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், கண்ணுக்குள் வளைந்து குத்தும் இமைமுடிகளை அழிப்பதற்காகக் கையாண்ட முறை. ஒவ்வொரு முடிக்காலுக்குள்ளும் மெல்லிய ஊசியைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சுவதால், முடியின் நிறமும் தோலின் நிறமும் பொருட்டல்ல. லேசருக்கு அசையாத நரைமுடியும் இதற்கு மசியும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நிரந்தர நீக்கம் என்று ஏற்பது இதை மட்டுமே; லேசரை நிரந்தரக் குறைப்பு என்றே சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு முடியாகச் செய்ய வேண்டும், வலிக்கும், செய்பவரின் கைப்பழக்கம் போதாவிட்டால் தழும்பு விழும். மோவாயில் பத்திருபது முடி உள்ளவருக்கும் நரை கண்டவருக்கும் இதையும், தாடை முழுவதும் கறுத்த முடி அடர்ந்தவருக்கு 1064 லேசரையும் நான் பரிந்துரைப்பேன்.

எதைத் தேர்ந்தாலும், உள்ளே ஹார்மோன் சீர்கெட்டிருந்தால் புதிய முடி முளைத்துக்கொண்டே இருக்கும். கருத்தடை மாத்திரையும், தேவைப்பட்டால் அதனோடு ஆண்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் என்ற மருந்தும் மருத்துவர் தருவது இதற்காகவே. பலன் தெரிய ஆறு மாதமாகும். முன்பே தடித்த முடியை இவை உதிர்த்துவிடா. ஆண் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால், கருத்தரிக்க விரும்புபவர்கள் ஸ்பைரோனோலாக்டோனைத் தொடவே கூடாது. எஃப்ளார்னிதின் களிம்பு முடி வளரும் வேகத்தைக் குறைக்கும். நிறுத்தினால் இரண்டு மாதத்தில் பழைய நிலை திரும்பும்.

சில மாதங்களுக்குள் முடி திடீரெனப் பெருகி, குரல் தடித்து, தலையின் முன்பக்கம் வழுக்கை விழத் தொடங்கினால், இந்த ஒப்பீடு எதற்கும் நேரமில்லை. சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று பார்க்க, டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனைக்கு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.