சோதித்துப் பார்த்தது ஒன்று, வீட்டுக்கு வந்தது வேறொன்று: சுங்கை சிப்புட்டில் டிரோன், கேமரா வாங்கியவர்கள் கவனத்திற்கு

சுங்கை சிப்புட்டில் அண்மையில் ஒரு மண்டபத்தில் நடந்த "கேமரா, டிரோன் நேரடிச் சோதனை" நிகழ்வில் பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளுக்காகக் காத்திருப்பவர்கள், பெட்டி வந்ததும் அதைத் திறப்பதற்கு முன் இப்பதிவை முழுமையாகப் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். விவகாரம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்திற்குப் போயிருப்பதால் விற்பனையாளரின் பெயரை இங்கே எழுதவில்லை. அன்று மண்டபத்தில் இருந்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்பது விளங்கும்.

இத்தகைய கருவிகளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமானால் நம் வட்டாரத்தார் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோதான் போக வேண்டும். எனவே ஒரு விற்பனைக் குழு ஊர் தேடி வந்து, மேசை நிறைய கேமராக்களையும் லென்ஸ்களையும் அடுக்கி, பக்கத்துத் திடலில் டிரோன்களைப் பறக்கவிட்டபோது கூட்டம் கூடியதில் வியப்பில்லை. எங்களுக்கு ஒரு தெளிவான தேவையும் இருந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, மக்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு, எங்கள் தோட்டத்தின் பழைய லயத்து வீடுகளில் எஞ்சியிருப்பவையும் இடிபடப் போகின்றன. அவற்றையும், நடுவே நிற்கும் மாரியம்மன் கோயிலையும், பழைய பள்ளிக் கட்டடத்தையும் மேலிருந்து ஒரு முறையாவது ஒழுங்காகப் பதிவுசெய்து வைக்க வேண்டுமென்று கோயில் இளைஞர்கள் விரும்பினார்கள். அதற்கு ஒரு டிரோனும், அவ்வாண்டுத் தீமிதித் திருவிழாவைப் படம்பிடிக்க ஒரு கேமராவும் வாங்குவதென்று முடிவாயிற்று. கேமரா என் தம்பி மகனின் சேமிப்பிலும், டிரோன் என் பணத்திலும் வாங்கப்பட்டன.

திடலில் எங்கள் கையில் கொடுக்கப்பட்ட டிரோன் டிஜேஐ மினி 3 புரோ. 2022 மே மாதத்தில் வெளிவந்த அந்த வகைக்கு முன்னும் பின்னும் கீழும் தடையறியும் உணரிகள் உண்டு. விநாடிக்கு 60 பிரேம் வேகத்தில் 4கே காணொலி எடுக்கும். நகரும் ஆளைத் தானே தொடர்ந்து சென்று படம்பிடிக்கும். அதே ஆண்டு டிசம்பரில் "புரோ" என்ற சொல் இல்லாத மினி 3 வந்தது. அதற்குக் கீழ்நோக்கிய உணரிகள் மட்டுமே உண்டு. 4கே காணொலியும் 30 பிரேம் வரைதான். உருவத்தில் இரண்டும் உடன்பிறப்புகளைப் போலவே இருக்கும். மின்கலங்களைக்கூட ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் போடலாம். ஆனால் விலையில் பல நூறு வெள்ளி (ரிங்கிட்) வேறுபாடு உண்டு. மரங்களுக்கும் தகரக் கூரைகளுக்கும் இடையே பறக்கவிட வேண்டிய எங்களுக்கு, முன்னும் பின்னும் தடையறியும் உணரிகள் இருப்பதே முக்கியமாக இருந்தது. இதை விற்பனையாளரிடம் தெளிவாகச் சொன்னேன். "இதே செட்டுதான் அங்கிள், உங்களுக்குப் புதுப் பெட்டியில கோலாலம்பூர்லேர்ந்து வரும்" என்பது அவர் அளித்த பதில். புரோ வகையின் விலையை வாங்கிக்கொண்டார். ரசீதில் "மினி 3 முழு செட்" என்று எழுதினார். "புரோ என்று எழுதவில்லையே" என்று கேட்டதற்கு, கணினியில் அப்படித்தான் பதிவாகும் என்றார்.

கூரியரில் வந்த பெட்டியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை இறுக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. பெட்டியை மேசையில் வைத்து, உறையைக் கிழிப்பதிலிருந்து கருவியை வெளியே எடுப்பது வரை தம்பி மகன் இடைவிடாமல் காணொலி எடுத்தான். இன்று எங்களிடம் உள்ள மிக உறுதியான சான்று அதுவே. உள்ளே இருந்தது மினி 3. முன்புறத்தில் உணரிகள் இல்லை. 4கே காணொலி அமைப்பில் 60 பிரேம் என்ற தெரிவே காணப்படவில்லை. பெட்டியில் ஒட்டியிருந்த சீரியல் எண் ஒன்றாகவும், டிரோனின் உடலில் இருந்த எண் வேறாகவும் இருந்தன. நம் நாட்டில் அலைவரிசையைப் பயன்படுத்தும் கருவிகளில் இருக்க வேண்டிய சிரிம் சான்றிதழ் முத்திரையும் பெட்டியில் எங்கும் இல்லை.

இதைவிடப் பெரிய செய்தியை, டிரோனை இயக்கும் கைப்பேசிச் செயலி சொன்னது. இவ்வகை டிரோனை முதன்முறையாக இயக்கும்போது இணையத் தொடர்புடன் ஆக்டிவேட் செய்ய வேண்டும். அப்போது அந்தக் கருவி, அதை இயக்குபவரின் கணக்கோடு இணைக்கப்பட்டுவிடும். பின்னர் வேறொருவருக்கு விற்கும்போது, பழையவர் தம் கணக்கிலிருந்து அதை நீக்கித் தராவிட்டால் புதியவர் அதைத் தம் கணக்கில் சேர்க்க இயலாது. எங்களுக்குப் "புதிதாக" வந்த கருவி வேறொரு கணக்கில் ஏற்கெனவே இணைந்திருந்தது. செயலியின் பாதுகாப்புப் பகுதிக்குள் மின்கல விவரத்தைத் திறந்தால், அந்த மின்கலம் எத்தனை முறை மின்னேற்றப்பட்டது என்ற எண்ணிக்கை தெரியும். புதிய மின்கலத்தில் பூச்சியமோ அதை ஒட்டியோ இருக்க வேண்டிய எண்ணிக்கை, யாரோ பல மாதங்கள் பறக்கவிட்டுப் பழகிய அளவில் இருந்தது. புதிய மின்கலத்தோடு, காற்றில்லாத நிலையில், மினி 3 அதிக அளவாக 38 நிமிடம் பறக்கும் என்று தயாரிப்பாளர் கூறுகிறார். எங்கள் திடலில் அதில் பாதிகூட எட்டவில்லை. சீரியல் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவையிடம் கேட்டபோது, நாங்கள் வாங்கிய நாளுக்கு வெகு முன்பே அது ஆக்டிவேட் செய்யப்பட்டது என்ற விடை எழுத்துமூலம் கிடைத்தது.

விற்பனையாளரைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) தொடர்புகொண்டேன். முதலில் "மாறி வந்திருக்கலாம், பார்க்கிறோம்" என்றார். பிறகு ரசீதில் மினி 3 என்றுதானே இருக்கிறது என்றார். அதன்பின், சோதனை நிகழ்வில் விற்ற பொருள்கள் திரும்பப் பெறப்படமாட்டா என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருந்ததைப் படம் எடுத்து அனுப்பினார். ஏற்கெனவே இணைந்திருந்த கணக்கு யாருடையது என்ற கேள்விக்கு இன்றுவரை அவரிடமிருந்து பதில் இல்லை.

கேமராவில் நேர்ந்தது இதைவிடக் கொடியது. பணத்தைத் திரும்பப் பெற வழியுண்டு. அங்கே இழந்ததைத் திரும்பப் பெற வழியே இல்லை. தம்பி மகன் வாங்கியது சோனி ஏ6400. கேமரா வேலை செய்தது. "அன்பளிப்பு" என்று சொல்லி அதனோடு கொடுத்த 128 ஜிபி நினைவக அட்டைதான் போலியானது. இத்தகைய அட்டைகளில் உண்மையான கொள்ளளவு சிறியதாக இருக்க, உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு மட்டும் பெரிய எண்ணைக் காட்டும்படி மாற்றி எழுதப்பட்டிருக்கும். கேமராவுக்கு அது தெரியாது. அட்டையில் இடம் இருப்பதாகவே காட்டும். சிவப்புப் பதிவுக்குறியும் எரிந்துகொண்டிருக்கும். ஆனால் உண்மையான இடம் நிரம்பிய பிறகு எழுதப்படுபவை எங்கும் தங்குவதில்லை. பின்னர் சோதித்ததில் எங்கள் அட்டையின் மெய்யான அளவு ஏறத்தாழ 32 ஜிபி எனத் தெரியவந்தது. 4கே காணொலியை 100 மெகாபிட் வேகத்தில் பதிவுசெய்தால் ஒரு மணி நேரத்திற்குச் சுமார் 45 ஜிபி தேவைப்படும் என்பதால், 32 ஜிபி என்பது நாற்பது நிமிடத்திற்குச் சற்று மேல் மட்டுமே தாங்கும். கரகம் புறப்பட்டதும், ஆற்றங்கரையிலிருந்து ஊர்வலம் வந்ததும் பதிவாகியுள்ளன. குழி இறங்கியது எதுவும் இல்லை. அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே பால்மரம் சீவி, இனி அடுத்த ஆண்டு தம்மால் இறங்க முடியாது என்று சொல்லிவிட்டு அன்று குழி இறங்கிய மூத்த பெண்மணியின் காட்சி அதில் இருந்திருக்க வேண்டும். அழிந்த கோப்புகளை மீட்டுத் தரும் கடைகளில் கேட்டோம். எழுதப்பட்டு அழிந்ததை மீட்கலாம், எழுதப்படாததை எவராலும் மீட்க முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

அந்த அட்டைகள் அன்று பலருக்கும் கொடுக்கப்பட்டன. தயவுசெய்து அவற்றில் எதையும் பதிவுசெய்யாதீர்கள். கணினியில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளைப் பதிவிறக்கி, அட்டை முழுவதும் எழுதிப் படித்துச் சோதித்தால், அதன் உண்மையான கொள்ளளவு தெரிந்துவிடும். அட்டையில் இருப்பவற்றை முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேமரா வாங்கியவர்கள் ஒரு படத்தை எடுத்து, அதன் கோப்பில் மறைவாகப் பதிந்திருக்கும் ஷட்டர் எண்ணிக்கையையும், அதாவது அந்தக் கேமரா அதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற கணக்கையும், பார்க்க வேண்டும். சோனி, நிக்கான் வகைகள் பலவற்றில் இது பதிவாகிறது. படக்கோப்பின் பெயரில் உள்ள எண்ணை எவரும் ஒன்றிலிருந்து தொடங்கும்படி மாற்றிவிடலாம் என்பதால் அதை நம்ப வேண்டாம். தம்பி மகனின் கேமரா முதல் நாளிலேயே ஆயிரக்கணக்கான எண்ணிக்கையைக் காட்டியது. மேசையில் வைத்து ஊர் ஊராகச் சோதிக்கக் கொடுத்த கேமராவையே துடைத்துப் பெட்டியிலிட்டுப் புதியதென்று விற்றிருக்கிறார்கள் என்பது என் முடிவு. மேலும் அது ஏபி செட், அதாவது அதிகாரப்பூர்வ விநியோகிப்பாளர் வழியாக அல்லாமல் இறக்குமதியானது என்பதால் உள்ளூர் உத்தரவாதம் இல்லை. இதையும் பணம் வாங்கும்போது சொல்லவில்லை.

இனி எவரேனும் இதுபோன்ற சோதனை நிகழ்வை நம் பக்கம் நடத்தினால், தாராளமாகச் சென்று பறக்கவிட்டும் படம் எடுத்தும் பாருங்கள், அதில் தவறில்லை. ஆனால் சோதிக்கத் தந்த கருவி நன்றாக இருப்பது, வீட்டுக்கு வரப்போகும் கருவியைப் பற்றி எதையும் சொல்வதில்லை. பணத்தைக் கட்டுவதற்கு முன், உங்களுக்குரிய பெட்டி உங்கள் கண்முன் இருக்க வேண்டும். அதை அங்கேயே திறந்து, உங்கள் கைப்பேசியில், உங்கள் கணக்கில் ஆக்டிவேட் செய்து, மின்கல எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வகையின் முழுப் பெயரும் சீரியல் எண்ணும் ரசீதில் எழுதப்பட வேண்டும். நேர்மையான வணிகர் எவரும் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்; ஈப்போவில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர், நாம் கேட்காமலேயே இதைச் செய்து தருகிறார்.

அன்று ஒலிபெருக்கியில் சொல்லப்பட்ட மற்றொரு செய்தியும் பொய் என்பதைக் குறிப்பிட வேண்டும். 250 கிராமுக்குக் குறைந்த டிரோனுக்கு இந்நாட்டில் எந்த விதியும் இல்லை என்றார்கள். மினி வகைகள் 249 கிராமுக்குள் வடிவமைக்கப்பட்டவை என்பது உண்மை. ஆயினும் 2016ஆம் ஆண்டின் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறைகளின்படி, அனுமதியின்றித் தரையிலிருந்து 400 அடிக்கு மேல் பறக்கவிடுவதும், விமான நிலையச் சுற்றுவட்ட வான்பகுதியில் பறக்கவிடுவதும் கூடாது. எடை குறைவு என்பதால் இவற்றிலிருந்து விலக்குக் கிடைப்பதில்லை. ஈப்போவுக்குச் சென்று சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்தின் அருகே பறக்கவிட எண்ணும் இளைஞர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற அச்சு வரியைக் கண்டு எவரும் அடங்கிப்போக வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருள் விற்பனையாளர் சொன்ன விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும், ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அந்த உரிமைகளை ரசீதில் ஒரு வரி எழுதிப் பறித்துவிட முடியாதென்றும் அச்சட்டமே கூறுகிறது. மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில், 50,000 வெள்ளி வரையிலான இழப்புக்குக் கோரிக்கை வைக்கலாம். பொதுவாக அங்கே வழக்கறிஞர்கள் இரு தரப்புக்கும் இல்லை என்பதால், நம்மைப் போன்றவர்கள் தாமே பேசலாம். மன்றம் அளிக்கும் ஆணைக்குக் கீழ்ப்படியாமை குற்றமாகும். பணம் செலுத்திச் சில மணி நேரமே ஆகியிருந்தால், உடனே உங்கள் வங்கியையோ 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தையோ அழையுங்கள். விற்பனையாளர் கொடுத்த வங்கிக் கணக்கு எண்ணைப் மோசடிப் புகாருக்குள்ளான கணக்குகளைக் காட்டும் போலீசாரின் செமாக் மியூல் தளத்திலும் தேடிப் பார்க்கலாம்.

நானும் தம்பி மகனும் தனித்தனியே படிவம் 1ஐ நிரப்பிக் கோரிக்கை தாக்கல் செய்துவிட்டோம். விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறோம். அதே நிகழ்வில் வாங்கி ஏமாந்தவர்கள் என்னுடன் தொடர்புகொள்ளுங்கள். ஒரே நாளில் பலரிடம் ஒரே வகையில் நடந்தது என்பதற்கு உங்கள் ரசீதுகள் வலுச் சேர்க்கும். அதுவரை அட்டையை அழித்துப் புதுப்பிக்க வேண்டாம், டிரோனைப் பழைய நிலைக்கு மீட்டமைக்க வேண்டாம், பெட்டியையும் பிளாஸ்டிக் உறையையும்கூட எறிய வேண்டாம். புலனத்தில் நடந்த உரையாடல்களைத் தேதி தெரியும்படி படமெடுத்து, அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.