சவரக்கத்தியில் பொக்கை: வாயைத் தேய்த்து இறக்குவதா, படுக்கவைத்துத் தீட்டுவதா?

மடக்குச் சவரக்கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், பொக்கை (சில்லு தெறித்த சிறு பள்ளம்) விழுந்தால் இரண்டு வழி. ஒன்று, கத்தியைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்தி, ரொட்டி அறுப்பதுபோல் இழுத்துப் பொக்கையின் ஆழம்வரை வாயையே இறக்கிவிடுவது. மற்றொன்று, முதுகும் வாயும் கல்லில் படியப் படுக்கவைத்து, பொக்கை மறையும்வரை தீட்டுவது. சுழலும் சாணையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அந்த மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும்; நீலம் பாரித்தால் அந்த இடத்தில் எஃகின் கடினம் போயிற்று.

என் ஓட்டு படுக்கவைத்துத் தீட்டுவதற்கே. முதுகில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டி.

செங்குத்தாக இழுப்பது வேகமான வழி என்ற பேச்சு பாதிதான் உண்மை. 16 மி.மீ. அகலம், 4.5 மி.மீ. முதுகுக் கனம் உள்ள கத்தியில் வாயின் கோணம் 16 டிகிரிக்குச் சற்று மேல். அதில் அரை மி.மீ. இறக்கினால் வாய் இருந்த இடத்தில் சுமார் 0.14 மி.மீ. அகலத் தட்டை நிற்கும். அது கூராக, பக்கத்துக்கு 0.07 மி.மீ. எப்படியும் கல்லில் கரைந்தாக வேண்டும். படுக்கவைத்துத் தீட்டுகிறவரும் அதே அளவைத்தான் கரைக்கிறார். செங்குத்து வழியில் மிச்சமாவது பொறுமை மட்டுமே. நாலு இழுப்பு கூடிப்போனாலோ அகலம் தேவையில்லாமல் குறையும். கல்லின் முகத்திலும் பள்ளம் விழும்.

தீர்மானிப்பது முதுகுதான். சவரக்கத்திக்குக் கோணம் பிடித்துக் கொடுப்பதே அது. டேப் இல்லாமல் அரை மி.மீ. பொக்கையைத் தீட்டி எடுத்தால், உருண்டையான முதுகில் ஏறக்குறைய ஒரு மி.மீ. அகலத்துக்குத் தட்டை விழும். முதுகும் வாயும் சமமாகத் தேய்ந்தால் கோணம் மாறாது என்பது சரியே. ஆனால் பொக்கை இருக்கும் இடத்தில் விரல் தானாக அழுத்தும். நுனிப்பக்கம் பொக்கை என்றால் நுனிப்பக்க முதுகு அதிகம் கரையும். அங்கே கோணம் ஒன்று, அடியில் வேறொன்று. வாயும் நேர்கோடாக இல்லாமல் உள்வாங்கும். முதுகில் போன இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க வழியே இல்லை. டேப் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

டேப்புக்கும் விலை உண்டு. 0.15 மி.மீ. கனமுள்ள ஒரு சுற்று, கோணத்தைச் சுமார் ஒரு டிகிரி கூட்டும். அரை மி.மீ. அகலமும் போனபின் மேலே சொன்ன கத்தி 18 டிகிரியை ஒட்டி நிற்கும். சவரத்துக்கு அது தாராளம். இரண்டு சுற்று வேண்டாம்.

முதலில் கை லென்ஸில் பாருங்கள். பொக்கையிலிருந்து மேல்நோக்கி மயிரிழை விரிசல் ஓடினால், அது முடியும் இடம்தான் உண்மையான ஆழம். அலகின் பக்கங்களில் குழிவாகக் கடைந்த பகுதிக்குள் அது போயிருந்தால் கத்தியை ஒதுக்கிவிடுங்கள். ஆழம் குறைவென்றால் 1000 நம்பர் கல்லே போதும் (நம்பர் கூடக்கூடக் கல் நைஸாகும்). கூடுதலென்றால் 400 நம்பர் டைமண்ட் பிளேட்டில் (வைரத்தூள் பதித்த தட்டு) பக்கத்துக்கு இருபது தேய்ப்பாக மாற்றி மாற்றி. அழுத்தினால் மெல்லிய அலகு வளையும், அதனால் விரல் பாரமே போதும். பொக்கை 0.1 மி.மீ. மிஞ்சும்போதே பிளேட்டை நிறுத்திவிட வேண்டும். அதன் ஆழமான கீறல்கள் வாய்வரை ஓடினால், அவையே அடுத்த பொக்கைகளாக உடையும். மிச்சம் 1000 கல்லுக்கு. வாயை மேல்நோக்கிப் பிடித்து விளக்கைக் காட்டுங்கள். பளிச்சிடும் புள்ளி எங்கும் இல்லாவிட்டால் பொக்கை போயிற்று.

ஒரு மி.மீ.க்கு மேல் போன பொக்கைக்கும், பல்வரிசைபோல் நெடுக உடைந்த வாய்க்கும் செங்குத்து வழியே மேல். நேர்கோடு அதில் முதலிலேயே கிடைத்துவிடும். கல்லின் பக்கவாட்டில், மூன்று இழுப்புக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்துச் செய்யலாம். அந்த ஒரு மி.மீ. எல்லை ஒரு மதிப்பீடுதான். குழியில்லாத ஆப்பு வடிவக் கத்திக்கு அது இன்னும் கீழே இருக்கலாம்.

எந்த வழியானாலும், 1000 கல்லில் டேப் இருந்தால் 5000, 8000 கல்லிலும் புதிதாக ஒரு சுற்று இருக்கட்டும். நடுவில் உரித்தால் கோணம் இறங்கும். கல், தீட்டிய பட்டையின் (வாயை ஒட்டிய சாய்ந்த பரப்பின்) முதுகுப்பக்க விளிம்பை மட்டும் மெருகேற்றும், வாயைத் தொடாது.