குளுக்ககான் அவசர ஊசி: பெட்டிக்குள் சர்க்கரை இல்லை

எங்கள் பையனுக்கு டைப் 1 சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை அபாயமாக இறங்கி மயங்கினால் போடுவதற்கு, அதை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககான் ஊசியை வீட்டில் வைத்திருக்கிறோம். நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவன், அதனால் இந்த விமர்சனத்தில் வாத்தியார் வாடை கொஞ்சம் அடிக்கும்.

பெட்டியில் இருப்பவை இரண்டுதான்: குப்பியில் 1 மில்லிகிராம் குளுக்ககான் பொடி, ஊசிக்குழலில் 1 மில்லி தண்ணீர். தண்ணீரைக் குப்பிக்குள் செலுத்தி, கரைந்ததும் திரும்ப இழுத்து, தொடைத் தசையில் போட வேண்டும். பகலில் மேசைமுன் உட்கார்ந்து செய்தால் சுலபம். நடுராத்திரி பையன் சர்க்கரை லோ ஆகி நினைவில்லாமல் கிடக்கும்போது மூடியைக் கழற்றவே கை உதறுகிறது. இதுதான் பெரிய குறை. இதே மருந்தை மூக்கில் அடிக்கும் 3 மில்லிகிராம் பொடிக்கு அமெரிக்காவில் 2019இலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். அதில் கலக்கும் வேலையே கிடையாது.

மருந்து வேலை செய்ததா? செய்தது. ஏறக்குறைய பத்து நிமிடத்தில் கண் திறந்தான். அப்புறம் வாந்தி. இந்த மருந்துக்கு அது சகஜம், அதனால்தான் ஊசி போட்டதும் ஒருக்களித்துப் படுக்கவைக்கச் சொல்கிறார்கள்.

"இத்தனூண்டு பொடியிலயா அவ்வளவு சக்கரை இருக்குதுங்க மாப்ள?" என்று மாமியார் கேட்டார். அதில் சர்க்கரையே இல்லை. குளுக்ககான் கல்லீரல் செல்லுக்குள் நுழைய வேண்டிய அவசியமும் இல்லை. செல் சவ்வின் வெளிப்புறத்தில் அதற்கென்றே இருக்கும் ஏற்பி என்ற புரதத்தில் போய் ஒட்டுகிறது. உடனே சவ்வின் உட்புறத்தில் இருக்கும் ஜி புரதம் என்ற இடைத்தரகர் விழித்து, அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதியை முடுக்குகிறது. அந்த நொதி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறாக மாற்றித் தள்ளும். அதிலிருந்து ஒரு நொதி அடுத்த நொதியை எழுப்பிக்கொண்டே போக, கடைசியில் கல்லீரலின் சர்க்கரைச் சேமிப்பான கிளைகோஜன் உடைந்து குளுக்கோஸ் ரத்தத்தில் இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் செய்தி பெருகுவதால்தான் 1 மில்லிகிராம் போதுகிறது.

இந்தச் சங்கிலியைத் துப்புத் துலக்கிய விஞ்ஞானிகளில் ஒருவரான சதர்லாந்து 1950களில் அரைத்த கல்லீரலில் இருந்து சவ்வுத் துணுக்குகளைப் பிரித்தெடுத்துப் பார்த்தார். ஹார்மோன் வேலை செய்யவில்லை. திரும்பச் சேர்த்தார், செய்தது. 1971இல் நோபல். பிறகு ராட்பெல் என்ற விஞ்ஞானி எலிக் கல்லீரல் சவ்வை வைத்து, ஏற்பிக்கும் நொதிக்கும் நடுவில் ஜி புரதம் விழிக்க, ஏடிபி போன்ற இன்னொரு மூலக்கூறான குவானோசின் டிரைபாஸ்பேட் தேவை என்று கண்டார். ஆரம்பத்தில் அவர் பயன்படுத்திய ஏடிபியில் அது கலப்படமாக இருந்ததால் விஷயம் ஒளிந்தே கிடந்தது! ஜி புரதத்தைப் பிரித்தெடுத்த கில்மனோடு சேர்த்து அவருக்கு 1994இல் நோபல்.

இவ்வளவு நீட்டக் காரணம் இருக்கிறது. கிளைகோஜன் இருந்தால்தான் இந்த ஊசிக்கு மதிப்பு. நாள் முழுக்கச் சாப்பிடாதவருக்கும், வெறும் வயிற்றில் குடித்தவருக்கும் இது சரியாகப் பிடிக்காது, நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டிவரும். அதனால் ஊசி போட்ட கையோடு 108ஐக் கூப்பிடுங்கள். கண் விழித்து விழுங்க முடிந்ததும் இனிப்பும் சாப்பாடும் கொடுங்கள், காலியான கல்லீரல் நிரம்பட்டும். எங்கள் துண்டுச்சீட்டில் இது பொடி எழுத்தில் எங்கோ இருந்தது. பெட்டி மூடியிலேயே கொட்டை எழுத்தில் போட வேண்டிய சமாச்சாரம்.

விலை கையைக் கடிக்கும். எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது, சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு ஃப்ரிட்ஜ்தான் இடம், ஆனால் உறையவிடக் கூடாது. காலாவதியானதைத் தூக்கிப்போடாமல் கலக்கிப் பழகுங்கள். என் மனைவி வாழைத்தண்டில் குத்திப் பழகினாள், இப்போது என்னைவிட வேகம்.