ஒரே ஒரு ராடு என்றால்: பாஸ் மீனுக்கு எந்த மீடியம்?

டாலஸைச் சுற்றிக் குடியிருக்கும் நண்பர்கள் தூண்டில் பழக ஆரம்பித்ததும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணா, பாஸ் மீனுக்கு ஒரே ஒரு ராடுதான் வாங்கப்போறேன். எதை வாங்கட்டும்?" கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்க ராடு நிற்கிறது. ஒவ்வொன்றின் கைப்பிடிக்கு மேலும் பொடி எழுத்தில் நீளம், பவர், ஆக்‌ஷன், நூல், இரை என்று ஒரு வரி. கடையில் நிற்பவர் பெரும்பாலும் 7 அடி மீடியம் ஹெவி பெயிட்காஸ்டரை (ரீல் ராடின் மேலே உட்காரும் வகை) எடுத்துக் கையில் கொடுப்பார். "நம்ம ஊர் ஏரியில் மீன் பெரிசு" என்பார். அதில் பொய்யில்லை. டெக்சாஸின் லார்ஜ்மவுத் பாஸ் சாதனை 18.18 பவுண்டு, அதாவது எட்டேகால் கிலோ. 1992 ஜனவரியில் லேக் ஃபோர்க்கில் பிடிபட்ட மீன் அது.

ஆனால் மீனின் எடையைப் பார்த்து ராடு வாங்கக்கூடாது என்பது என் கட்சி. மீன் பெரிதானால் அதைச் சமாளிப்பது ரீலில் இருக்கும் டிராக். நூலை அளவோடு விட்டுக்கொடுக்கும் பிரேக் அது. ராடு விஷயத்தில் பார்க்கவேண்டியவை வேறு இரண்டு: நீங்கள் வீசப்போகும் செயற்கை இரைகளிலேயே லேசானது எது, அதில் இருக்கும் முள் எவ்வளவு தடிமன். இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் சுவரில் நிற்கும் ராடுகளில் முக்கால்வாசி தானாகக் கழிந்துவிடும்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பவர் என்பது ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது; மீடியத்தைவிட மீடியம் ஹெவி விறைப்பு. ஆக்‌ஷன் என்பது எந்த இடம்வரை வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு வளையும், மிச்சம் விறைப்பாக நிற்கும். மாடரேட் என்றால் நடுப்பகுதி வரை வளையும். பவருக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் மீடியம் ஹெவி மாதிரி இருக்கும். அதனால் 'மீடியம்' என்ற சொல்லை நம்பாமல் இரை எடையைப் படியுங்கள். 3/16 முதல் 5/8 அவுன்ஸ் வரை, கிராமில் சொன்னால் சுமார் 5 முதல் 18 வரை என்று போட்டிருந்தால் அது நான் இங்கே பேசும் மீடியம். நூல் 6 முதல் 12 பவுண்டு என்று இருக்கும்; அது நூல் அறுபடாமல் தாங்கும் பலம்.

போட்டியில் நான் நிறுத்துவது நான்கு. 7 அடி மீடியம் ஃபாஸ்ட் கிராஃபைட் (கார்பன் இழை) ஸ்பின்னிங் ராடு (ரீல் கீழே தொங்கும் வகை), அதே நீளத்தில் கிராஃபைட்டும் கண்ணாடி இழையும் கலந்த மீடியம் ஸ்பின்னிங், மீடியம் பெயிட்காஸ்டிங், கடைக்காரர் கையில் கொடுத்த அந்த மீடியம் ஹெவி.

ஸ்பின்னிங்கா, பெயிட்காஸ்டரா

இதில்தான் பாதித் தீர்ப்பு இருக்கிறது.

பெயிட்காஸ்டரில் இரை பறக்கும்போது ரீலில் உள்ள உருளை சுழன்றால்தான் நூல் போகும். இரை கனமாக இருந்தால் அது உருளையை இழுத்துச் சுழற்றும். லேசாக இருந்தால் இழுக்கத் தெம்பு போதாது. காற்று எதிரே அடித்தால் இரை நடுவானில் வேகம் குறையும். உருளை மட்டும் சுழன்றுகொண்டே இருக்கும். நூல் ரீலுக்குள்ளேயே குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். வட டெக்சாஸில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அடிக்கிற காற்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கால் அவுன்ஸுக்குக் கீழே, அதாவது 7 கிராமுக்குக் கீழே, சாதாரண பெயிட்காஸ்டரில் வீசுவது பழகின கைக்கே சிரமம். ஸ்பின்னிங் ரீலில் உருளை அசையாது. நூல் வளையம் வளையமாக நழுவிப் போகும். 5 கிராம் இரையானாலும் போய் விழும்.

பெயிட்காஸ்டருக்கும் உரிய இடம் உண்டு. கட்டைவிரலை உருளையில் வைத்து இரையை நினைத்த இடத்தில் நிறுத்தலாம். தண்ணீரை எதிர்த்து இழுக்கும் கிராங்க்பெயிட், ஸ்பின்னர்பெயிட் போன்ற இரைகளை நாள் முழுக்கச் சுற்றினாலும் மணிக்கட்டு வலிக்காது. தடித்த நூலையும் அது முறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் மீடியம் பவரில் நாம் எதை வீசப்போகிறோம் என்று பாருங்கள். ஐந்து அங்குல சென்கோ, அதாவது ரப்பர் புழு, எடை சுமார் 10 கிராம், ஈயம் எதுவும் கோக்காமல். நெட் ரிக், அதாவது காளான் தலை மாதிரி ஒரு ஈயத்தில் கோத்த சின்ன ரப்பர் துண்டு, எல்லாம் சேர்ந்து 5, 6 கிராம்தான். டிராப் ஷாட், அதாவது ஈயம் கீழேயும் முள் அதற்கு மேலேயும் கட்டுவது. தண்ணீர் மேல் மிதக்கும் சின்ன பாப்பர். கால் அவுன்ஸ் ஈயத் தலையில் மூன்று அங்குல ரப்பர் மீன். இவை எல்லாம் ஸ்பின்னிங்கின் சொந்த வீட்டுப் பிள்ளைகள். படகுத்துறைப் பலகைக்கு அடியில் தவளைக்கல் விடுவதுபோல் சென்கோவைத் தத்தித் தத்தி உள்ளே அனுப்புவது ஸ்பின்னிங்கில் ஒரு மாலையில் வந்துவிடும். பெயிட்காஸ்டரில் எனக்கு ஒரு கோடைகாலம் பிடித்தது.

ஏற்கெனவே ஒரு ஸ்பின்னிங் வைத்திருப்பவர் இரண்டாவதாக மீடியம் பெயிட்காஸ்டர் வாங்கலாம். அப்போது மாடரேட் ஆக்‌ஷனாகப் பார்த்து வாங்குங்கள். கிராங்க்பெயிட்டில் மும்முள் இருக்கும்; அந்தச் சின்ன முள் மீனின் வாயோரத்துத் தோலில்தான் மாட்டும். ராடு விறைப்பாக இருந்தால் மீன் தலையை உதறும்போது தோல் கிழிந்து முள் கழன்றுவிடும். பாதிவரை வளையும் ராடு அந்த உதறலை வாங்கிக்கொள்ளும். முதல் ராடாக மட்டும் இது வேண்டாம்.

முள் ஏறுமா?

"மீடியத்தில் முள் ஏறாது" என்பது மீடியம் ஹெவிக்காரர்களின் முக்கிய வாதம். இதை ஒருநாள் வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று, ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கும் கைத்தராசை வாசல் தூணில் கட்டி, அதன் கொக்கியில் நூலை முடிந்து, இருபதடி தள்ளி நின்று மீடியம் ராடால் மீனுக்குச் சுண்டுகிற மாதிரியே இழுத்தேன். ராடு பாதி வட்டமாக வளைந்துவிட்டது, பார்க்கப் பயமாகக்கூட இருந்தது. தராசில் இரண்டு பவுண்டைத் தாண்ட மெனக்கெட வேண்டியிருந்தது. வளையும் ராடு பலத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. முள்ளுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான்.

ஆகவே அவர்கள் சொல்வது தடித்த முள்ளுக்குப் பொருந்தும். அரை அவுன்ஸ் ஜிக்கில் (ஈயத் தலையோடு முள் சேர்ந்த இரை) பென்சில் முனை கனத்தில் முள் இருக்கும், மேலே பாசி மாட்டாமலிருக்க நார்த் தடுப்பு வேறு. அந்தத் தடுப்பை மடக்கி, தடித்த முள்ளை எலும்பு வாய்க்குள் இறக்க மீடியம் போதாது. ஆனால் மெல்லிய கம்பியில் செய்த முள்ளுக்கு இரண்டு பவுண்டு தாராளம். சென்கோவை நடுவில் குத்தி வீசும் வாக்கி ரிக்கிலும், நெட் ரிக்கிலும், டிராப் ஷாட்டிலும் முள் திறந்தே இருக்கிறது. அங்கே சுண்டவே வேண்டாம். நூலை இறுக்கி ராடைப் பக்கவாட்டில் சாய்த்தால் மீன் தன்னைத்தானே மாட்டிக்கொள்ளும். மீடியம் ஹெவியில் அதே மெல்லிய முள்ளை வைத்து ஓங்கிச் சுண்டினால் முள் நிமிர்ந்துவிடும், இல்லாவிட்டால் 8 பவுண்டு நூல் அறுந்துவிடும். ராடு, நூல், முள் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றை மட்டும் கனமாக்கினால் மற்ற இரண்டில் ஒன்று உடையும்.

நூலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மீடியத்தின் தலையெழுத்தையே மாற்றியது அதுதான். மோனோ என்று இங்கே சொல்கிறார்களே, நம் ஊர்த் தங்கூசி, அது இழுத்தால் நீளும். தூரத்தில் மீன் கடித்தால் சுண்டும் பலத்தில் பாதியை நூலே தின்றுவிடும். பின்னல் நூல் நீளாது. 10 பவுண்டு பின்னல் நூலைச் சுற்றி, அதன் நுனியில் ஏழெட்டு அடிக்கு 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் நூலை முடிந்துவிட்டால், அதே மீடியம் ராடு ஒரு படி ஏறினமாதிரி இருக்கும். நூல் நீளாதபோது அதிர்ச்சியை வாங்க மெத்தை மாதிரி ஒன்று வேண்டும். மீடியத்தின் வளைவு அந்த மெத்தை.

கிராஃபைட்டா, கலப்பா

ஃபென்விக் கம்பெனி 1973இல் கிராஃபைட் ராடைக் கொண்டுவரும்வரை பாஸ் பிடித்தவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் கண்ணாடி இழை ராடுதான். கிராஃபைட் எடை குறைவு, விறைப்பு அதிகம், அதிர்வைக் கைக்கு அப்படியே கடத்தும். அடி பட்டால் உடையும் என்பதுதான் அதன் குறை. 1976இல் ஷேக்ஸ்பியர் கம்பெனி இரண்டையும் கலந்து அக்லி ஸ்டிக்கைக் கொண்டுவந்தது. கண்ணாடி மாதிரித் தெரியும் அதன் நுனியை இன்றும் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம்.

இப்போதைய அக்லி ஸ்டிக் ஜிஎக்ஸ்2 மீடியம் ஐம்பது டாலர் சுற்றில் கிடைக்கும். நூல் வளையங்கள் ஒரே துண்டு துருப்பிடிக்காத எஃகு. உள்ளே செருகிய வளையம் இல்லாததால் கழன்று விழ எதுவுமில்லை. கார் டிக்கியில் மடக்கு நாற்காலிக்கு அடியில் போட்டாலும் தாங்கும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ராடு எனக்குத் தெரியாது. செயின்ட் க்ராய் மோஜோ பாஸ் மீடியம் ஃபாஸ்ட் ஸ்பின்னிங் முழு கிராஃபைட். விலை அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

மூன்று மடங்கு கொடுக்கலாமா? நான் கொடுத்தேன், காரணம் ஒரே ஒரு கடி. ரே ராபர்ட்ஸ் ஏரி, ஐல் டு பாய் பூங்காப் பக்கம், விடிந்தும் விடியாத நேரம். மூழ்கின மரங்களுக்கு இடையில் சென்கோ தானாக ஆடி ஆடி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற நண்பரிடம் கலப்பு ராடு, என்னிடம் கிராஃபைட், இரண்டிலும் ஒரே நூல், ஒரே இரை. எனக்கு ஆள்காட்டி விரலில் ஒரே ஒரு முறை 'டிக்' என்று தட்டியது, தண்ணீர்க் குழாயில் நகத்தால் சுண்டின மாதிரி. அவ்வளவுதான். நூல் மெதுவாக இடதுபக்கம் நகர ஆரம்பித்தது. பாஸ் இரையை வாயால் உறிஞ்சும், பிடிக்காவிட்டால் உடனே துப்பிவிடும். அந்த 'டிக்' உறிஞ்சின நொடி. நண்பருக்கும் அன்று காலை கடி வந்திருக்கிறது, இரண்டு முறை ரப்பர் பிய்ந்து வந்தது. அவர் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. இழுத்து ஓட்டும் இரையில் இந்த வித்தியாசம் பெரிதில்லை, மீன் தானே வந்து அடிக்கும். இறங்கும் இரையில்தான் வித்தியாசம் முழுக்க.

கிராஃபைட்டின் பலவீனத்தையும் நான் பார்த்திருக்கிறேன். என் முதல் கிராஃபைட் ராடு மூன்று பவுண்டு மீனில் உடைந்தது. மீன் காலடிக்கு வந்துவிட்டது, கரை உயரம், குனியச் சோம்பல்பட்டு ராடைச் செங்குத்தாக நிமிர்த்தித் தூக்கினேன். வளைவு முழுதும் நுனியில் குவிந்து, பட்டாசு மாதிரி சத்தத்தோடு மூன்று துண்டானது. தவறு என்னுடையது. கிராஃபைட் வாங்குபவர்கள் நூலைக் கையால் பிடித்தோ, மீனின் கீழ்த்தாடையைப் பிடித்தோதான் தூக்கவேண்டும்.

மீடியம் ஹெவி ஜெயிக்கும் இடம்

லேக் ஃபோர்க் மாதிரி நீர்ப்பாசி அடர்ந்த ஏரியில், பாசிக்கு நடுவே வீசுபவருக்கு நான் மேலே சொன்னது செல்லாது. அங்கே மீன் மாட்டினதும் தலையைப் பாசிக்குள் நுழைக்கும். நான்கு பவுண்டு மீனோடு இன்னொரு நான்கு பவுண்டு பாசியும் சேர்ந்து வரும். மீடியம் வளைந்து நிற்குமே தவிர மீன் வராது. நூல் அறுந்து, வாயில் முள்ளோடு மீன் போய்விடும். இது மீனுக்கும் செய்கிற அநியாயம். தவளைப் பொம்மை, கனமான ஜிக், முள் நுனியை ரப்பருக்குள் மறைத்துப் பாசிக்குள் இறக்கும் டெக்சாஸ் ரிக் இவைதான் உங்கள் பிழைப்பு என்றால் தயங்காமல் மீடியம் ஹெவி ஃபாஸ்ட் பெயிட்காஸ்டர் வாங்குங்கள். படகில் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்சிதான், அவர்களுக்கு அது சரி. கரையில் நின்று, பூங்காக் குளத்திலும் ஏரி ஓரத்துக் கல்லடுக்கிலும் வீசும் நமக்கு அப்படி ஒரு பாசிச் சண்டை வருவது அபூர்வம்.

அதனால் என் ஓட்டு 7 அடி மீடியம் ஃபாஸ்ட் கிராஃபைட் ஸ்பின்னிங்குக்கு. கையில் ஐம்பது டாலர்தான் இருக்கிறது, அல்லது ராடு பிள்ளைகளோடு பங்கு என்றால் கலப்பு ராடு. இதே ராடில் வசந்தகாலத்தில் ஆற்றில் ஏறும் வெள்ளை பாஸ் பிடிக்கலாம், கெளுத்தியும் பிடிக்கலாம். ஒரு மீனுக்கென்று வாங்கி மூலையில் சாத்திவைக்கும் பொருள் இல்லை இது. நீளம் ஆறரை அடியா ஏழு அடியா என்று நிறையப் பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கரையிலிருந்து வீச ஏழு. மரக்கிளை தலைக்குமேல் தொங்கும் ஓடை என்றால் ஆறரை. ஒரே துண்டா இரண்டு துண்டா என்பதில், அபார்ட்மெண்டில் இருந்துகொண்டு சின்னக் கார் ஓட்டுபவர் வெட்கப்படாமல் இரண்டு துண்டு வாங்கலாம். இப்போது வரும் இணைப்புகளில் கைக்குத் தெரிகிற குறை எதுவும் இல்லை.

கடைக்குப் போகும்போது உங்கள் ரீலையும் கொண்டுபோங்கள். ராடில் பூட்டி, ரீலின் காலுக்குச் சற்று முன்னால் ஒரே விரலில் தாங்கிப் பாருங்கள். நுனி குப்புறக் கவிழ்ந்தால் நாள் முழுக்க உங்கள் மணிக்கட்டு அதைத் தூக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும். 2500 அளவு ரீல் 7 அடி மீடியத்துக்குப் பொதுவாகச் சரியாக நிற்கும். பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றை ஒவ்வொரு நூல் வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றுங்கள். பஞ்சு ஒரு இழை பிரிந்து மாட்டினாலும் அங்கே கீறல் இருக்கிறது, அந்த ராடை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.